சிவப்பு அட்டை

பத்தரை மணிக்குக் கொடுத்தனுப்பிய சிவப்பு அட்டை, ஒரு மணியாகியும் வந்து சேரவில்லை.

கேளிக்கைப் பூங்காவின் குகைப் படகுக்கு அவன் வாசல்காரன்; அட்டை ஒன்றும் பெரிய வேலையில்லை. பொது வரிசையின் கடைசி ஆள் கழுத்தில் நேரம் எழுதிய அட்டையை மாட்டிவிட வேண்டும். அவர் படகுத்துறைக்கு வந்ததும் அதை வாங்கி, எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்று பலகையில் எழுத வேண்டும். இன்றைக்குக் கடைசி ஆள் அவன் மகளே. ஒன்பது வயது. கூடுதல் காசு கட்டியவர்களுக்கான விரைவு வரிசையில் விடச் சொல்லிக் கெஞ்சினாள். மேற்பார்வையாளன் கண்ணில் பட்டால் வேலை போய்விடும். அந்த ஆளை இவன் தன் செருப்பளவுக்குக்கூட நம்புவதில்லை.

"காத்திருந்தா ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டே," என்று அட்டையை மாட்டிவிட்டான். "கோட்டைத் தாண்டாம நின்னு, ரெண்டு கையாலயும் எங்கிட்ட குடுக்கணும், தெரிஞ்சுதா?"

படகுகள் போகும் குகையிலிருந்து பாசி நாற்றத்தோடு ஈரக்காற்று வந்துகொண்டே இருந்தது. காசு கட்டியவர்களின் கைப்பட்டை கருவியில் பட்டுக் 'கிணிங்' என்றது; ஒவ்வொரு கிணிங்குக்கும் பக்கத்துக் கொட்டகையில், வளைந்து வளைந்து போகும் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே, நூறு கால்கள் ஒரே நேரத்தில் நகரும் சத்தம் கேட்டது. முன்னால் அல்ல. பின்னால்.

காலையில் நரைத்த தலையோடு வந்த அம்மாள் விரைவு வரிசையில் நான்காம் முறையாக வந்தாள். வகிட்டில் ஒரு வெள்ளை முடிகூட இல்லை.

"நிக்கிற வேலையே இல்ல பாருங்க தம்பி, பத்து வயசு கொறைஞ்ச மாதிரி இருக்கு!"

சாயம் பூசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். நடுப்பகலில், இந்தக் கூட்டத்தில், எங்கே போய்ப் பூசினாள்?

பொது வரிசைக் கயிற்றைத் தூக்கினான். காலையில் மீசை அரும்பாத முகத்தோடு அவனிடம் வழி கேட்ட பையன் வந்தான். அதே கட்டம் போட்ட சட்டை. காலர் நைந்திருந்தது. நெஞ்சு வரை தாடி.

அவன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான்.

"பாப்பா!"

தூரத்தில், துறையிலிருந்து ஆறாவது வளைவில், மஞ்சள் கவுன். காலையில் நான்காவதில் நின்றவள்.

"வந்துட்டே இருக்கேன்ப்பா!" குரல் கனத்திருந்தது. அட்டையைத் தூக்கிக் காட்டிய கை நீளமாக இருந்தது.

மேற்பார்வையாளன் வந்து நின்றான். "என்னய்யா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? விரைவு வரிசைய விடு."

"எம் பொண்ணு உள்ள இருக்கா சார்."

"வரட்டுமே, எங்க ஓடிடப் போறா? பணம் பாதாளம் வரைக்கும் பாயும்னு சும்மாவா சொன்னாங்க? நம்ம படகும் அங்கதான்யா போகுது." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

கிணிங். பின்னால் ஓரடி.

கிணிங். ஓரடி.

சங்கிலியை இழுத்து விரைவு வரிசையை மூடினான். யார் யாரோ திட்டினார்கள். பொது வரிசைக் கயிற்றை அவிழ்த்து எறிந்தான்.

கொட்டகை அடங்கியது.

ஒரே ஒரு செருப்புச் சத்தம். இழுத்து இழுத்து. வளைவுக்கு வளைவு.

அட்டையின் சிவப்பு வெளுத்துப் போயிருந்தது. அவன் கையெழுத்தில் பத்தரை. அதைப் பிடித்திருந்த விரல்கள் சுள்ளி போல. தோளில் மஞ்சள் கந்தல். பொக்கைவாய். அவனைவிட முப்பது வயது மூத்த முகம்.

"இப்ப என் முறைதானேப்பா?"

கோட்டைத் தாண்டாமல் நின்றாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.