பதினைந்தாவது மட்டை

தகரத்தில் பந்து பட்ட சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மழை வேறு... கூரை போட்ட பயிற்சி மேடையில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. யார் அடித்தது என்று விசாரணையே வேண்டாம். மைதானத்தின் இடது ஓரத்தில், கோல்ஃப் மட்டைகளைப் பழுது பார்க்கும் தகரக் கூரைப் பட்டறையின் கதவு திறந்தது. அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பட்டறைக்காரன் குடைகூட இல்லாமல் இறங்கி நடந்து வந்தான். ஓடி வந்திருந்தாலாவது பரவாயில்லை, ஏதோ வெயிலில் வருகிறவன் மாதிரி நடை.

"இது உங்க பந்தா?"

உள்ளங்கையை நீட்டினான். இமையில் மழைத்துளி தொங்க, அந்தக் கண்கள்... சிரிக்கின்றனவா, திட்டுகின்றனவா? புரியவில்லை. புரியாததாலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அவளுக்கு மன்னிப்புக் கேட்க வராது, வாய்தான் நீளும்.

"பந்து மேல பேரா எழுதியிருக்கு?"

"பேர் எதுக்கு மேடம்... காலையிலேர்ந்து இது பதினொண்ணாவது. பதினொண்ணும் தகரத்துல அதே இடத்துல."

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க? வேற வேலை இல்லையா?"

"தலைக்கு மேல இடி விழுந்தா எண்ணத்தானே தோணும்." குரலில் கோபம் இல்லை. "கை தப்பு பண்ணா பந்து நாலா பக்கமும் சிதறும். இப்படி இடது பக்கமா ஒரே இடத்துக்குப் போகுதுன்னா தப்பு கையில இல்ல, மட்டையில. அது உங்களை விட உயரமான யாருக்கோ செஞ்சது."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த மட்டைகள் அண்ணனுக்காக அளவெடுத்துச் செய்தவை. அண்ணன் விளையாட்டை விட்டுவிட்டு வேலைக்குப் போனதும், அப்பா பையோடு தூக்கி இவள் கையில் கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருத்தன் ஒரு பார்வையில் அதைச் சொல்வதா?

"உங்க தகரத்தைப் பாருங்க போதும். என் மட்டையை எங்கப்பா பாத்துப்பாரு."

பந்தைப் பிடுங்கிக்கொண்டாள். விரல் நுனி அவன் உள்ளங்கையில் பட்டது... அவ்வளவு மழையிலும் அந்தக் கை சூடாக இருந்தது. அதற்கும் சேர்த்து அவன் மேல் கோபம் வந்தது.

அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குப் பயிற்சி கொடுப்பவரும் அப்பாதான். தினமும் சாயங்காலம் அலுவலகம் முடிந்து நேராக மைதானத்துக்கு வந்து நிற்பார். இருநூறு பந்து. "உன் மணிக்கட்டு அவசரப்படுது, அவசரப்படுது" என்று இரண்டு வருஷமாக அதே பாட்டு. இன்னும் மூன்று வாரத்தில் தகுதிப் போட்டி. முதல் எட்டுப் பேருக்குத்தான் தொழில்முறை ஆட்டக்காரராக அனுமதி. இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. தட்டைப் பார்த்தபடியே அப்பா சொல்லியிருந்தார்: "இந்தத் தடவையும் இல்லேன்னா போதும் பாப்பா. வேற வேலை பாத்துக்கலாம்."

மறுநாள் மத்தியானம் பட்டறை வாசலில் போய் நின்றாள். அவன் மூக்கை உடைக்கத்தான் போனாள். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அவன் வாதாடவில்லை. மட்டையின் அடியில் ஒரு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டினான், தரையில் ஒரு கறுப்புப் பலகையைப் போட்டான். "அதுமேல வச்சு அடிங்க. பலகை எங்கே உரசுதோ அங்கே கோடு விழும். நடுவுல விழுந்தா நான் வாயை மூடிக்கிறேன்."

அடித்தாள். திருப்பிப் பார்த்தாள். கோடு நடுவில் இல்லை, குச்சி சேரும் பக்கத்து ஓரத்தில். இன்னொரு நாடா... அதே ஓரம். பத்து அடி, பத்துக் கோடு, ஒரு நூல்கூட நகரவில்லை.

"ஓரம் தரையில இடிக்கும்போது மட்டையோட முகம் இடது பக்கம் திரும்பிடுது. உங்க மணிக்கட்டு பாவம்... அதைச் சரிக்கட்டத்தான் படாதபாடு படுது."

இரண்டு வருஷம். தினம் இருநூறு பந்து. கையில் காய்த்துப்போன தழும்புகளைப் பார்த்தாள், கண் முட்டிக்கொண்டு வந்தது. அவன் ஆறுதல் சொல்ல வரவில்லை. சட்டென்று திரும்பி, மேஜை இழுப்பறையில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தான். அழுது முடிக்கும்வரை தேடிக்கொண்டே இருந்தான். அந்த முதுகை அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

"என்ன நடக்குது இங்க?"

வாசலில் அப்பா. அன்றைக்கென்று பார்த்து சீக்கிரம் வந்திருந்தார். பார்வை மட்டையின் அடியிலிருந்த நாடாவில் போய் நின்றது.

"அளவு பாத்தோம் சார். ரெண்டு டிகிரி சாய்க்கணும், ஒரு இஞ்ச் குறைக்கணும்..."

"யாரைக் கேட்டு என் பொண்ணு பையில கை வச்சே? போட்டிக்கு மூணு வாரம் இருக்கு, இப்ப வந்து மனசைக் கலைக்கிறியா? மட்டையைக் குறை சொல்ற ஆளை நான் ஆட்டக்காரியாவே மதிக்க மாட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். நீயாக வந்தாய் என்று நீயே சொல்லேன்... அந்தப் பார்வைக்கு வேறு அர்த்தம் இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி சார், இனிமே வைக்கல" என்றான் அவன்.

இரண்டு நாள் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது அவன் நிமிரக்கூட இல்லை. "உங்க பையில கை வைக்க மாட்டேன்னு உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். அதனால..." மூலையிலிருந்து ஒரு மட்டையை எடுத்து நீட்டினான். அதே ரகம், நடுத்தர தூரத்துக்கு அடிக்கும் ஏழாம் நம்பர். "இது பட்டறையில கிடந்த பழசு. உங்க உயரத்துக்கு வெட்டி, சாய்ச்சு வச்சிருக்கேன். பிடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துடுங்க."

"என் உயரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"...பாத்தேன்."

"எப்போ?"

"எப்பவும்தான்."

சொல்லிவிட்டு அவன் காதுவரை சிவந்துபோனான். அவள் மட்டையை வாங்கிக்கொண்டு, காரணமே இல்லாமல் மழையில் நனைந்தபடி மேடைக்குப் போனாள். முதல் அடி... பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. பட்டறைத் தகரம் அன்று முழுக்க ஊமையாக இருந்தது.

அப்புறம் தினமும் மத்தியானம், அப்பா வருவதற்குள், ஒரு மணி நேரம் அந்த மட்டை. சாயங்காலம் பழைய மட்டை. ஒன்றுக்குத் தெரியாமல் இன்னொன்று... நெஞ்சு பூராவும் படபடப்பு. அது போட்டியைப் பற்றியா, அவனைப் பற்றியா? அவளைக் கேட்டால் அடிக்க வருவாள்.

தகுதிப் போட்டியின் கடைசி நாள் ஆட்டம். முந்தின ராத்திரியே பையிலிருந்து பழைய ஏழாம் நம்பரை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். புதியதை, பையின் பக்கவாட்டில் குடை வைக்கும் உறைக்குள் குடையோடு குடையாகச் சொருகினாள். அப்பா கண்ணில் படாது.

காலையில் முதல் குழியை நல்லபடியாக முடித்தாள். இரண்டாவது குழிக்கு மட்டை எடுக்கக் கையை விட்டவள் அப்படியே உறைந்துபோனாள். அப்பா தன் கையால் சிவப்பு நாடா சுற்றிய பிடி. பழைய ஏழாம் நம்பர். அது இங்கே எப்படி?

புரிந்துவிட்டது. புறப்படும்முன் பையைச் சரிபார்ப்பது அப்பாவின் பழக்கம். காலி இடத்தைப் பார்த்திருப்பார், பெண் மறந்துவிட்டாள் என்று வீடு முழுக்கத் தேடி எடுத்து வந்து வைத்திருப்பார். பையில் பதினாலு. உறைக்குள் ஒளிந்திருப்பது பதினைந்தாவது. ஒருவர் பையில் பதினாலுக்கு மேல் இருக்கவே கூடாது.

இரண்டில் எதையும் அவள் இன்னும் தொடவே இல்லை. குடை உறைக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? பேசாமல் இருந்தால் ஒரு குருவிக்கும் தெரியாது. பார்வையாளர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். நாலு பேர் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு அவன். ஒளித்து வைத்ததுதானே இந்த வினை... இன்னும் எத்தனை நாள் ஒளிப்பது?

"என் பையில பதினஞ்சு இருக்கு" என்றாள், ஸ்கோர் எழுதும் பெண்ணிடம்.

நடுவர் வந்தார். ஒரு குழி ஆடி முடித்ததால் தண்டனையாக அவள் ஸ்கோரில் இரண்டு அடி கூட்டினார். "ஒன்றை விலக்க வேண்டும். எது என்பது உங்கள் விருப்பம். விலக்கியதை இன்று தொடக் கூடாது."

உறையிலிருந்து புது மட்டையை உருவி எல்லோர் கண்ணிலும் படும்படி பைக்குள் போட்டாள். சிவப்பு நாடா சுற்றியதை எடுத்து, இது விலக்கியது என்பதற்கு அடையாளமாகத் தலைகீழாகத் திருப்பிச் சொருகினாள். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அவரைப் பார்த்தால் ஆட முடியாது என்று பட்டது, அப்புறம் அந்தப் பக்கமே அவள் திரும்பவில்லை.

போன இரண்டு அடியை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்க மத்தியானம் ஆகிவிட்டது. கடைசிக் குழி. நாலு அடியில் முடித்தால் எட்டாவது இடம், ஐந்தானால் வீடு. முதல் அடி ஆயிற்று. இன்னும் நூற்றிமுப்பது மீட்டர், ஏழாம் நம்பர் தூரம். இடது பக்கம் பூராவும் குளம். தூறல் ஆரம்பித்தது.

இடது... எப்போதும் இடது. மணிக்கட்டு பழைய பயத்தில் இறுகியது. மூச்சை விட்டாள். நீ ஒன்றையும் சரிக்கட்ட வேண்டாம், சும்மா இரு என்று மணிக்கட்டுக்குச் சொன்னாள். சுழற்றினாள்.

பந்து குளத்தின் விளிம்பையொட்டிப் பறந்தது. கூட்டம் மூச்சுப் பிடித்தது. ஒரு முழம்கூட வளையாமல் போய், கொடிக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி விழுந்து நின்றது. முதல் தடவை உருட்டியபோது பந்து குழி விளிம்பில் முரண்டு பிடித்தது... இரண்டாவது தடவை உள்ளே போயிற்று. நாலு. எட்டாவது இடம். கடைசி இடம்தான், ஆனால் இடம்.

ஸ்கோர் அறைக்கு வெளியே, கூரைக்கு அடியில் அப்பா காத்திருந்தார். வாழ்த்துச் சொல்லவில்லை. "யார் அந்த மட்டையை உறைக்குள்ள வச்சது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தான் சார். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது." மழையில் நனைந்தபடி நின்றான் பட்டறைக்காரன்.

"அவர் பொய் சொல்றாருப்பா."

"மேடம், நீங்க சும்மா இருங்க..."

"அன்னிக்கு சும்மா இருந்ததே போதும்." அப்பாவைப் பார்த்தாள். "அன்னிக்கு நானாத்தான் பட்டறைக்குப் போனேன். மட்டையை வாங்கினதும் நான், ஒளிச்சதும் நான். உங்ககிட்ட சொல்லப் பயந்தேன்ப்பா... அந்தப் பயத்துக்குத்தான் ரெண்டு அடி போச்சு."

அப்பா பைக்குள் கையை விட்டுப் புது மட்டையை எடுத்தார். தரையில் வைத்து ஒரு பக்கமாகக் குனிந்து பார்த்தார். அடிப்பாகம் முழுசாகத் தரையில் படிந்திருந்தது. ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வருஷம் உன் கையைத் திட்டினேனே பாப்பா..."

அவள் அழுதாள். அழுதுகொண்டே, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா... இன்னொண்ணும் ஒளிச்சு வச்சிருக்கேன்."

"இன்னும் என்ன?"

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

அப்பா மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். "இது உனக்குத் தெரியுமா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பார்வை அவளை விட்டு நகரவில்லை.

"எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்குன்னு தெரியும் சார்... அவங்களுக்கும்னு இப்பதான் தெரியும்."