ஐந்தாவது மாடியில் நின்றவர்கள்

கேப்டனின் மனைவி எங்கள் ஓட்டலுக்குச் சமையலறை வாசல் வழியாகத்தான் வந்தாள். நல்ல மதிய வெயில். காய்கறி இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. விமானக் கம்பெனியின் அதிகாரி முதலில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவள் இறங்கினாள். கையில் சின்னப் பை. தலையைச் சுற்றிச் சால்வை. அந்த வெயிலில் சால்வை போர்த்தியிருந்ததே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

"யாரும் தங்காத மாடியில ஒரு ரூம் வேணும் மேடம். பேரு எதுவும் எழுத வேண்டாம்," என்றார் அதிகாரி. "இவங்க வீட்டு ஜன்னலையெல்லாம் காலையில அடிச்சு நொறுக்கிட்டாங்க."

நான் அந்த ஓட்டலின் மேனேஜர். காணாமல்போன விமானத்தில் சென்றவர்களின் சொந்தக்காரர்களைக் கம்பெனி எங்கள் ஓட்டலில்தான் தங்க வைத்திருந்தது. அத்தனை பேரும் கீழே பெரிய ஹாலில் இருந்தார்கள். அதே கூரைக்குக் கீழே அந்த விமானத்தை ஓட்டியவரின் மனைவியா?

"பஞ்சையும் நெருப்பையும் ஒண்ணா வைக்கச் சொல்றீங்களே சார்."

"போலீஸ் காவல் இங்க மட்டும்தான் இருக்கு. வேற எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

சர்வீஸ் லிஃப்டில் மேலே போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஐஸாகக் குளிர்ந்திருந்தன. ஐந்தாவது மாடி முழுக்கக் காலி. பெயின்ட் வேலைக்காகப் பூட்டி வைத்திருந்தோம். கடைசி அறையைத் திறந்துவிட்டேன். உள்ளே போனதும் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

கீழே ஹாலில் மூலைக்கு ஒரு டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கதை. ஒன்றில், நடுக்கடலில் நெருப்புப் பந்தைப் பார்த்ததாக ஒரு மீனவர் சொன்னார். இன்னொன்றில், விமானத்தைக் கடத்திவிட்டார்கள் என்றார்கள். வேறொன்றில், ஏதோ தீவில் இறக்கியிருக்கிறார்கள். கேப்டன் வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியவர், அவர்மேல்தான் சந்தேகம் என்றது ஒன்று. கம்பெனிக்காரர்களோ காலையில் ஒன்றும் மாலையில் அதை மறுத்து இன்னொன்றும் சொன்னார்கள்.

அங்கே துணிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய அண்ணன் அந்த விமானத்தில் போனவர். காதிலிருந்து போனை எடுக்கவே மாட்டார். எந்தச் செய்தி வந்தாலும் எழுந்து நின்று ஹாலுக்கே அறிவிப்பார். அவருக்கு எல்லோரும் 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு கட்டட காண்ட்ராக்டர், மலை மாதிரி ஆள். ஒரே மகள், காலேஜில் சேரப் போனவள். அவள் நம்பரைத் திரும்பத் திரும்ப அழைத்து, "ரிங் போகுது, பாருங்க, ரிங் போகுது" என்று பக்கத்தில் இருப்பவர் காதில் போனை வைப்பார். ஒரு டீச்சர், கணவரைப் பறிகொடுத்தவள். ஆனால் பறிகொடுத்தேன் என்று சொல்லமாட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய், "ஒரு வாய் சாப்பிடுங்க. அவங்க வர்றப்ப நாம தெம்பா இருக்க வேண்டாமா?" என்பாள்.

அன்று மாலை ரேடியோ நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"இறங்கிடுச்சு. பத்திரமா இறங்கிடுச்சாம். எல்லாரும் உயிரோட இருக்காங்க."

ஹாலே பொங்கியது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். காண்ட்ராக்டர் எங்கள் சர்வரைக் குழந்தை மாதிரித் தூக்கிச் சுற்றினார். ஊற்றிய டீ ஆறுவதற்குள் அதிகாரி ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். அது வேறு விமானம். தவறான தகவல். மன்னிக்க வேண்டும்.

காண்ட்ராக்டர் மெதுவாக நடந்துபோய் அவரை அறைந்தார். அதிகாரியின் மூக்குக்கண்ணாடி உடைந்து கன்னத்தில் குத்தியது. மைக் தரையில் உருண்டு கிறீச்சிட்டது. தட்டோடு நின்றிருந்த டீச்சர் அதைக் கீழே போட்டாள். அதன் பிறகு அவள் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ஐந்தாவது மாடியிலிருந்து இன்டர்காம் வந்தது.

"அக்கா, பக்கத்து ரூம்ல ஆள் போட்டிருக்கீங்களா?"

"இல்லையேம்மா. அந்த மாடியில நீங்க மட்டும்தான்."

"இருமுறாங்கக்கா."

"யாரு?"

"நிறைய பேர்."

மேலே போனேன். லிஃப்ட் கதவு திறந்ததுமே வாடை அடித்தது. ஒயர் கருகிய வாடை. அதற்கு அடியில் கடல். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் வெகு தூரம். வராண்டா கார்ப்பெட்டில் கால் வைத்தேன், சொதசொதவென்று அமுங்கியது. குழாய் ஏதாவது உடைந்திருக்கும் என்று நினைத்தேன். குனிந்து விரலால் தொட்டு, என்ன தோன்றியதோ, நாக்கில் வைத்தேன்.

உப்பு.

அவள் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்கியே இருக்கமாட்டாள்.

"நானும் அவரும் சண்டை போட்டோம்னு டி.வியில சொல்றாங்களேக்கா. உண்மைதான். சமையலறைக் குழாய் ஒழுகுது, ஆளக் கூப்பிடுங்கன்னு நாலு தடவை சொன்னேன், காதுல வாங்கலை, அதான் சண்டை. அதுக்காகவா ஒரு மனுஷன் அத்தனை பேரைக் கொண்டுபோய்..." அவள் நிறுத்தினாள். "அவர் அப்படிப்பட்டவர் இல்லன்னு கத்தணும் போல இருக்கு. ஆனா எனக்கே நிச்சயமாத் தெரியலக்கா. அதான் என்னைக் கொல்லுது."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். தண்ணீர் புரையேறினால் வருகிற இருமல். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு குழந்தையின் இருமல்.

சாவிக்கொத்தோடு ஓடிப்போய்ப் பக்கத்து அறையைத் திறந்தேன். பெயின்ட் டப்பாக்கள். சுருட்டி வைத்த மெத்தை. வேறு ஒன்றுமில்லை.

அவளை வேறு இடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று அதிகாரியிடம் சொல்லக் கீழே இறங்கினேன். ஹாலுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது, தாமதமாகிவிட்டது என்று.

அத்தனை டி.வியிலும் முதன்முறையாக ஒரே கதை ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற விமானி ஒருவர் பொம்மை விமானத்தைக் கையில் வைத்துத் திருப்பிக் காட்டினார். "ஓட்டத் தெரிஞ்ச ஆள்தான் இப்படித் திருப்ப முடியும். இது விபத்தே இல்ல." கீழே எழுத்து ஓடியது: கேப்டனின் மனைவி தலைமறைவு. அவருக்கு எல்லாம் தெரியும்.

ஹாலில் அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். இத்தனை நாளும் யாரை வெறுப்பது என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

ரேடியோ சர்வரின் சட்டையைப் பிடித்திருந்தார். "அஞ்சாவது மாடிக்கு யாருக்குடா சாப்பாடு போகுது?"

சர்வர் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

போலீஸ்காரர்கள் வெளி கேட்டில் நிருபர்களைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுவதற்குள் கூட்டம் படியேறிவிட்டது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அதிகாரி கையை விரித்துக் குறுக்கே நின்றார். "சொல்றதைக் கேளுங்க, அவங்களுக்கு ஒண்ணும்..." சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் காண்ட்ராக்டர் ஒரு கையால் பிடுங்கினார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி தலையில். தேங்காய் உடைவது போன்ற சத்தம். அதிகாரி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே படிகளில் சரிந்து போனார். அவரைத் தாண்டித்தான் எல்லோரும் ஓடினார்கள். சிலர் தாண்டக்கூட இல்லை.

நான் அவர்களுக்கு முன்னே ஓடி, அவள் அறைக் கதவை மறித்து நின்றேன். யாரோ என் முடியைப் பிடித்து முகத்தைக் கதவில் மோதினார்கள். மூக்கெலும்பு உடைந்து வாய்க்குள் ரத்தம் இறங்கியது. கீழே விழுந்து கிடந்தபடிதான் மீதி எல்லாவற்றையும் பார்த்தேன்.

மூன்றே மோதலில் கதவு பிளந்தது. அவளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து தலைமுடியைப் பற்றி இழுத்து வந்தது வேறு யாரும் இல்லை, டீச்சர்தான். ஊருக்கெல்லாம் ஊட்டிய அதே கை.

"சொல்லு. எங்க கொண்டுபோனான்? சொல்லுடி."

"எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது."

வயிற்றில் உதைத்தார்கள். விரல்களை மிதித்தார்கள். ரேடியோ தன் போனில் அதைப் படம் பிடித்தபடியே, "மாட்டிக்கிட்டா, எல்லாரும் பாருங்க, ஒத்துக்கப் போறா" என்று பேசிக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ரத்தம் ஒட்டிய சிலிண்டரைத் தலைக்கு மேல் தூக்கினார்.

இருமல் கேட்டது.

இந்த முறை சுவருக்குப் பின்னால் அல்ல.

மூடிய திரைச்சீலை உள்பக்கமாக உப்பியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே பட்டப்பகல், விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ஆனாலும் அறை ஆழ்கிணறு மாதிரி இருண்டது. சுவரை ஒட்டி அவர்கள் நின்றார்கள். பெரியவர்கள், குழந்தைகள், தோளோடு தோள் நெருக்கமாக. உடுப்பெல்லாம் நனைந்திருந்தது. சிலருக்கு ஒரு பக்கம் கரிந்திருந்தது.

காண்ட்ராக்டரின் ஓங்கிய மணிக்கட்டை ஒரு மெலிந்த கை பிடித்திருந்தது.

"பாப்பா," என்றார் அவர். அவர் குரல் அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை. "பாப்பா, வந்துட்டியாடா?"

அவருடைய மகள்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் திருகினாள். ஈரத் துணியைப் பிழிவதுபோல. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சிலிண்டர் அவர் பாதத்தின் மேலேயே விழுந்தது. அவர் அலறவில்லை. "பாப்பா, பாப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரேடியோ கதவை நோக்கித் திரும்பினார். வழியில் அவருடைய அண்ணன் நின்றார். தம்பியின் வாயைப் பொத்தினார், அவ்வளவுதான். பொத்திய கை அழுந்திக்கொண்டே போனது. தாடை நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. போன் கீழே விழுந்து, கூரையைப் படம் பிடித்தபடி கிடந்தது.

மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வராண்டாவில் ஓடினார்கள். விழுந்தவர்களை மிதித்து ஓடினார்கள்.

டீச்சர் மட்டும் ஓடவில்லை. அவள் கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் கையிலிருந்த முடிக்கற்றையை உதறிவிட்டு, போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள். அவர் அவளை அணைத்துக்கொண்டார். அவள் வாயிலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

கேப்டனின் மனைவி தரையில் கையூன்றி எழுந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

"அவர் வரலையா?"

யாரும் அசையவில்லை.

"அவர் என்ன செஞ்சாரு? யாராவது சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவளைக் காப்பாற்ற வந்தார்களா, அவளுக்காகவே வந்தார்களா, அந்த நொடியில் எனக்கு விளங்கவில்லை. காண்ட்ராக்டரின் மகள் அப்பாவின் கையை விட்டுவிட்டு அவளிடம் நடந்து வந்தாள். குனிந்து, அவள் காதில் எதையோ சொன்னாள். சொல்ல வெகு நேரமாயிற்று.

எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேப்டனின் மனைவியின் முகத்தை மட்டும் பார்த்தேன். முதலில் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்தினாள். கடைசியில் தலையை ஒருமுறை ஆட்டினாள். சரி, செய்கிறேன் என்று சொல்வதுபோல.

போலீஸ் வந்தபோது அறைச் சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் இருந்தது. சுவரோரம் நின்றவர்கள் யாரும் இல்லை.

அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தார். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தாள். நுரையீரல் நிறையக் கடல் தண்ணீர் என்று டாக்டர் முதலில் சொன்னார். மறுநாள் மாரடைப்பு என்றார். எங்கள் ஓட்டலைப் பற்றியும் ஊர் பேசத் தொடங்கியது. குழாய் வெடித்தது என்றது ஒரு டி.வி. விஷவாயு என்றது இன்னொன்று. கேப்டன் உயிரோடு வந்து மனைவியை மீட்டுப் போனதாகக்கூட ஒன்று சொன்னது. ரேடியோவின் போனில் தண்ணீர் சொட்டும் கூரை மட்டுமே பதிவாகியிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், பேச்சு வரவில்லை. காண்ட்ராக்டர் ஜெயிலில் இருக்கிறார். என்ன நடந்தது என்று யார் கேட்டாலும், மகள் வந்திருந்தாள் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்கிறார்கள்.

விமானம் கிடைக்கவே இல்லை. தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

வெகுநாள் கழித்து, கேப்டனின் மனைவி வேறு ஊரில் தனியாக இருப்பது தெரிந்து பார்க்கப் போனேன். காலை வேளை. சின்ன வீடு. வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு, அவளுடையது. பக்கத்தில் என்னுடையதையும் கழற்றி வைத்தேன். நன்றாகப் பேசினாள். மிதிபட்ட விரல்கள் கோணலாகத்தான் கூடியிருந்தன. டீ போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போதுதான் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு உன் காதுல என்னம்மா சொன்னா?"

"ஊர் சொன்னதுல எதுவுமே இல்லக்கா. ஒரு கதையில கூட இல்ல."

"அப்ப அவர் மேல தப்பு இல்லையா?"

அவள் என்னையே பார்த்தாள். கோபமில்லாத பார்வை.

"வேண்டாம்க்கா. உண்மை தெரிஞ்சவங்களைத் தேடித்தான் அவங்க வர்றாங்க."

எழுந்து கதவைத் திறந்தேன்.

வாசல் முழுக்கச் செருப்புகள். படியிலிருந்து தெருக்கதவு வரை நெருக்கமாக. ஷூக்கள், குதிகால் உயர்ந்தவை, ஒற்றைச் செருப்புகள், உள்ளங்கை அளவுக் குழந்தைச் செருப்புகள். எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால், நாங்கள் இருவர் மட்டுமே உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில், யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"பார்த்துப் போங்கக்கா," என்றாள் அவள். "எதையும் மிதிச்சிடாதீங்க."