கைக்கண்

ஓடுவீடு மின்கம்பம் ஒன்றைத் தேடிப் பிடித்து நின்றபோது மெர்சி அடுக்களையில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆறு சக்கரத்தின்மேல் இரண்டு அறை, ஒரு குளியலறை, ஓட்டுநர் கிடையாது. கடல்மேல் மிதக்கும் நகரமான மிதவைக் குமரியில் இப்போது மாப்பிள்ளை வீட்டார் சீராகக் கேட்பதே இதைத்தான். மின்கலம் இறங்கினால் அது தானாகவே பக்கத்து ஊரில் ஒதுங்கிக்கொள்ளும். கரையைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் இன்று ஒதுங்கிய ஊர் பூவாணிப்பட்டி என்று வீட்டுச் சுவர் வாசித்துச் சொன்னது.

வெயில் தாங்காமல் மனிதர்கள் கடல்மேல் குடியேறி மூன்று தலைமுறை ஆகிறது. விட்டுவந்த ஊர்கள் செத்துவிடக் கூடாதே என்று அரசு அங்கெல்லாம் ஊராள்களை இறக்கியது. ஊராள் என்றால் உலோக எலும்பின்மேல் ரப்பர் தோல் போர்த்திய இயந்திர மனிதன். அவற்றுக்குப் பாடம் எது தெரியுமா? அந்தந்த ஊர்ச் சனங்கள் எடுத்துத் தள்ளியிருந்த வீடியோக்கள்தான். கல்யாணம், கோயில் கொடை, தெருச்சண்டை என்று நம்மாட்கள் எதைத்தான் விட்டார்கள்! அதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஊராள்கள் டீ ஆற்றின, வம்பளந்தன, வேட்டியை மடித்துக் கட்டின. மனிதன்மேல் கை வைக்கக் கூடாது என்பது கட்டளை. குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு உண்டு. நல்ல எண்ணத்தில் வைத்த விலக்குதான்.

மெர்சிக்கு அந்த ஊரே படமாகத் தெரிந்தது. மிதவையில் எல்லாரையும் போல அவளுக்கும் வலது உள்ளங்கையில் கைக்கண் பதித்திருந்தது. கையை உயர்த்தினால் போதும், எதிரில் நடப்பதெல்லாம் பதிவாகி உலகத்துக்கே போய்விடும். சாப்பிடுமுன் ஜெபம் பண்ண மறந்தாலும் மறப்பாளே தவிர, தட்டுக்கு மேலே கையை உயர்த்த மறக்கமாட்டாள்.

மின்கலம் நிறைந்தது. ஐந்து வயது மகள் பெனிட்டா டீக்கடை வாசலில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மக்களே, நேரமாச்சு. வா, போலாம்" என்றான் அவள் அப்பா ஜெபராஜ்.

"ஆட்டுக்குட்டியும் வரணும். இல்லன்னா நான் வரமாட்டேன்!"

ஜெபராஜ் பையிலிருந்து தேன்மிட்டாயை எடுத்து ஆட்டிக் காட்டினான். மசியவில்லை. கெஞ்சினான். ம்ஹூம். கடைசியில் அலாக்காகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தான். அவள் காலை உதறி, ஊரே கேட்கக் கத்தினாள்.

"விடு! நீ எங்கப்பாவே இல்ல! போ!"

வண்டி வாசலில் நின்ற மெர்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையை உயர்த்தினாள்.

டீ மாஸ்டர் ஊராளின் குவளை பாதியில் நின்றது. "ஏலே, பிள்ளை பிடிக்கிறவன்லே! மிட்டாயக் காட்டித் தூக்குறான் பாரு!"

தெருவே எழுந்து வந்தது. முதலில் ஒரு பெண் ஊராள் பெனிட்டாவை நோகாமல் பிடுங்கிக்கொண்டது. அடுத்து டீ மாஸ்டர் அறைந்த அறையில் ஜெபராஜின் தாடை கழன்று தொங்கியது. "என் பிள்ள..." என்று குழறினான். இரும்புக் கம்பி ஒன்று முழங்காலில் இறங்கியது. பெஞ்சுக்கால் முதுகில் விழுந்து முறிந்தது. விழுந்தவனை மிதித்தன. இரும்புக் கால்களுக்கு அடியில் விலா எலும்புகள் நொறுங்கும் சத்தம் மெர்சிக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஐயோ, எங்க வீட்டுக்காரரு! அது அவரு பிள்ளதான்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். குறுக்கே போய் விழு, விழு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கால் ஓர் எட்டுதான் நகர்ந்தது, அதுவும் கூட்டம் மறைக்காத பக்கமாக. பாழாய்ப்போன கை இறங்கவே இல்லை.

"அப்பா!" என்று பெனிட்டா வீறிட்ட பிறகுதான் கும்பல் சட்டென்று நின்றது. அதற்குள் ஜெபராஜின் உயிர் போயிருந்தது.

உடனே ஊர் துக்கத்துக்கு மாறியது. பந்தல் எழும்பியது. ஃப்ளெக்ஸ் வந்தது. 'ஆழ்ந்த இரங்கல்' என்ற எழுத்துக்குக் கீழே, அடித்த ஊராள்களெல்லாம் கைகூப்பி ஆளுயரத்துக்கு நின்றன. ஜெபராஜ் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தான்.

மெர்சி இடது கையால் டீ மாஸ்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா, பாவிகளா? ஒரே ஒரு வார்த்த!"

அது தலையைத் தொங்கப் போட்டது. வருத்தம் நிஜமாகத்தான் இருந்தது. "கேக்கணும்னு எங்களுக்குத் தெரியாதேம்மா. நாங்க பாத்துப் படிச்ச வீடியோ எதுலயும் உங்க ஆளுக கேட்டுட்டு அடிக்கலயே."

"தடுக்கிறதுக்குக்கூடவா ஒருத்தருக்கும் தோணல?"

"அதுலயும் எல்லாரும் உங்கள மாதிரிதாம்மா நின்னாக."

மெர்சி அப்போதுதான் தன் வலது கையைப் பார்த்தாள். அது இன்னும் உயர்ந்தே இருந்தது. பதறி விரல்களை மடக்கினாள்.

"மூடிராதீகம்மா" என்றது டீ மாஸ்டர், நன்றியோடு. "எங்ககிட்ட இருந்த வீடியோவெல்லாம் பழசாயி மங்கிப்போச்சு. உங்களுது நல்லாத் தெளிவா இருக்கு. மத்த ஊருக்கெல்லாம் பாடமா அனுப்பிட்டோம்."