பதினைந்தாவது அழைப்பு

ஓர் அழைப்பு கூடுதலாக இருந்தது.

லோர்னா ஹௌகன் திரையை மறுபடி பார்த்தாள். முதல் கார்டில் பதினான்கு அழைப்புகள். மாற்றுக் கார்டில் பதினைந்து. ஊரின் தொலைபேசிகள் எல்லாம் முதல் கார்டை நம்பியே ஓடின. அது செய்வதையெல்லாம் நொடிக்கு நொடி நகலெடுத்தபடி மாற்றுக் கார்டு பக்கத்தில் காத்திருக்கும். முதலாவது செத்தால், பேசுகிறவர்களுக்கே தெரியாமல் இரண்டாவது தாங்கிக்கொள்ளும். மூலத்தில் இல்லாத அழைப்பு நகலில் வர வழியே இல்லை. அதுவும் அரை மணி முன்பு பெட்டியிலிருந்து பிரித்துச் செருகிய கார்டில்.

தொலைபேசி நிலையத்தின் ஜன்னலில்லாத அந்தச் செங்கல் அறையில் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, சுட்ட தூசியின் வாடையோடு ஈரக் கம்பளிக் கோட்டின் வாடையும் கலந்திருந்தது. வெளியே டகோட்டாவின் நவம்பர்க் காற்று பனியை வாரித் தகரக் கதவில் அடித்தது.

மேசைமேல் கைபேசியில், ஃபார்கோ கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரஸ் சிரித்தான். "பதினஞ்சா? புதுக் கார்டு உளறுதும்மா. அழிச்சிட்டு மறுபடி ஏத்து. இன்னைக்கு உங்க சர்ச்சுல மீன் விருந்தாமே? அந்தக் கொழகொழ மீனுக்குப் போய் எப்படித்தான் ஓடுறீங்களோ!"

அவள் சிரிக்கவில்லை. போன வருட விருந்தன்றும் இதே அறையில்தான் இருந்தாள். வேலைக்காக மாற்றுக் கார்டை, அது எதையும் தாங்கிக்கொள்ள முடியாதபடி, பூட்டினாள். பூட்டியிருக்கிறது என்று கத்திய அலாரத்தை, தொல்லையென்று அடக்கினாள். பூட்டைத் திறக்க மறந்து விருந்துக்குப் போனாள். ஆறு பன்னிரண்டுக்கு முதல் கார்டு செத்தது. நாற்பது நிமிடம் ஊர் ஊமையானது. சபையில் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரி, சோல்வெய்க் பிரெக்கெ, சமையலறைத் தரையில் கிடந்தாள். கையில் ரிசீவர்.

'கார்டு பழுது' என்று அறிக்கை போனது. பூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. லோர்னாவும் சொல்லவில்லை. அடக்கத்தன்று எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள்.

இப்போது அந்தக் கூடுதல் அழைப்பைத் திறந்தாள். பிரெக்கெ வீட்டு எண். அழைத்தது அவசர உதவியை. தொடங்கியது போன நவம்பர், மாலை ஆறு பன்னிரண்டு. நிலை: காத்திருப்பு.

"அழிச்சியா?" என்றான் ரஸ்.

ஒரு பொத்தான் போதும். அழித்தால் அழைப்பு அறுந்துவிடும். விரல் பொத்தான்மேல் நின்றது. ஒரு தரம் அவளைக் கைவிட்டாயிற்று. இன்னொரு தரமா? 'ஆண்டவரே' என்று முணுமுணுத்து, சோதனைத் தொலைபேசியின் கவ்விகளை அந்த இணைப்பில் மாட்டிக் காதில் வைத்தாள்.

சுவர்க் கடிகாரம். கொதித்து வற்றும் கெட்டில். மூச்சு.

"யாராவது இருக்கீங்களா?"

அதே குரல்.

"சோல்வெய்க்... நான் லோர்னா." "நான்தான் பூட்டிட்டுப் போனேன். உங்க அழைப்பு போகாததுக்கு நான்தான் காரணம். யார்கிட்டயும் சொல்லல."

மூச்சு நின்றது. கடிகாரம் மட்டும்.

"விருந்துக்குப் போயிருந்தியா கண்ணு?" குரலில் கோபமே இல்லை. "மீன் நல்லா இருந்துச்சா?"

லோர்னா அழுதாள். ஒரு வருடமாக வராத அழுகை.

"இங்க ரொம்பக் குளிருது. கொஞ்ச நேரம் போனை வச்சிடாதே."

"வைக்க மாட்டேன்."

விசிறிகளின் இரைச்சல் தேய்ந்தது. கெட்டிலின் சத்தம் இப்போது காதுக்குள் இல்லை. முதுகுக்குப் பின்னால். அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தாள். முதல் கார்டு: பதினான்கு. மாற்றுக் கார்டு: பதினாறு.

"லோர்னா?" கைபேசியில் ரஸ். "பதினாறு காட்டுதே! என்னம்மா செய்றே?"

"இங்கதான் இருக்கேன், ரஸ்."

"லோர்னா? பேசும்மா."

"இருக்கேன்!" கத்தினாள். தொண்டை வலித்தது.

"விளையாடாதே. லோர்னா!" அவன் குரல் நடுங்கியது. "ஹலோ... யாராவது இருக்கீங்களா?"

முதல் கார்டின் பச்சை விளக்கு எரிந்தது. மாற்றுக் கார்டில், காத்திருப்பைக் காட்டும் மஞ்சள் விளக்கும் எரிந்தது. பின்னாலிருந்து ஒரு கை, ஐஸாகக் குளிர்ந்த கை, ரிசீவரைப் பிடித்திருந்த அவள் விரல்கள்மேல் மெல்லப் படிந்தது.

"நான் இருக்கேன் கண்ணு."