ஐந்தாவது பாட்டில்

ஐந்தாவது பாட்டிலில் இருந்த பாசி சாகவில்லை என்பதுதான் முதல் கோளாறு.

அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புச் சுரங்கத்தை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில், பதினோராம் வகுப்பு சிவரஞ்சனியும் மஞ்சுவும் ஐந்து ஊறுகாய் பாட்டில்களில் வேலம்பாசியை வளர்த்து, அமில மழை அதை என்ன செய்கிறது என்று பன்னிரண்டு நாளாகக் குறித்து வந்தார்கள். முதல் பாட்டிலில் வெறும் குழாய்த்தண்ணீர். மற்றவற்றில் கந்தக அமிலம் சொட்டுச் சொட்டாகக் கூடியது. மூன்றும் நாலும் ஒழுங்கு மரியாதையாக வெளுத்துச் செத்தன. அமிலம் அதிகமான ஐந்தாவது மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைப் போல மினுமினுத்தது. சிவப்பாக வேண்டிய பிஎச் தாள் அதில் பச்சையானது.

சிவரஞ்சனி மஞ்சுவைத்தான் சந்தேகப்பட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். ஆனால் திங்கட்கிழமை பெரம்பலூர் கண்காட்சிக்கு ஒரு திட்டத்துக்கு ஒருத்தர்தான் போகலாமென்று அறிவரசன் சார் சொல்லி, சிவரஞ்சனியின் பெயரை எழுதிக்கொண்ட நாளிலிருந்து மஞ்சு சரியாகப் பேசவில்லை. ஆய்வகச் சாவி வேறு மஞ்சுவிடம். திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள், கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை ஆய்வகத்தில் நடந்த சிறப்பு வகுப்பு முடிந்ததும், அறையின் நடுவே தடுப்பாக நின்ற இரும்பு பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். மணி மூன்றுதான்; ஆனாலும் மேகம் ஜன்னல்வரை இறங்கி, எலும்புக்கூட்டுப் படத்தையும் உடைந்த தராசையும் ஒரே சாம்பல் நிறமாக்கியிருக்க, பினாயில் நெடிக்கும் அழுகிய பாசி நெடிக்கும் அடியிலிருந்து மூன்றாவதாக ஒரு வாடை மெல்ல எழுந்து வந்தது. கடல் வாடை. அந்த ஊரில் கடலைப் பார்த்தவர்களே நாலைந்து பேர்தான்.

ஐந்தாவது பாட்டிலில் சோடா திறந்தது போல ஓர் இரைச்சல். எட்டிப் பார்த்தாள். அதில் மட்டும் மேலே மிதந்த பாசியை அமுக்கிவைக்க மஞ்சு போட்ட கல்லிலிருந்து நுரை பொங்கிக்கொண்டிருந்தது. வெளியூர்ப் பிள்ளைகளாக இருந்தால் கோலிக்குண்டு போட்டிருப்பார்கள். இந்த ஊரில் கதவுக்கு முட்டு, கோழிக்கூடைக்குப் பாரம் எல்லாமே சுரங்கக்கரைக் கல்தான், ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்த சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே படித்தது. அப்படியானால் மஞ்சு ஒன்றும் செய்யவில்லை. சிவரஞ்சனிக்கு வெட்கமாகப் போயிற்று. வந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

மஞ்சு வந்தாள். மற்ற பாட்டில்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஐந்தாவதில் கையை விட்டுக் கல்லை எடுத்து மேசையில் வைத்தாள். முட்டை ஓடு போல இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே வழித்தெடுத்த வெறுமை. எத்தனையோ காலம் அதற்குள் படுத்திருந்தது எதுவோ, இப்போது அதில் இல்லை.

சிவரஞ்சனி அவளைக் கூப்பிட வாயெடுத்தாள்.

அதற்குள் மஞ்சு, காது மந்தமானவரிடம் குனிவது போலப் பாட்டிலின் வாயருகே குனிந்தாள். பாசி அவள் பக்கம் திரும்பியது.

"திங்கக்கிழமை நான்தான் போவணும்," என்றாள் மெதுவாக. "அவ பீரோவுக்குப் பின்னாடி நிக்கிறா."

திரும்பிப் பார்க்காமலே நடந்தாள். கதவு. தாழ்ப்பாள். பூட்டு.

"மஞ்சு, வெளையாடாதடி."

வெளியே செருப்புச் சத்தம் நின்றது. ஒரு கணம்தான். பிறகு தொடர்ந்து போனது.

நுரைச் சத்தம் அடங்கிவிட்டது. பாட்டிலில் பாசி இல்லை. தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சொத். தரையில் ஏதோ விழுந்தது.

குனிந்து பார்த்தாள். சிமெண்ட் தரையில் ஓர் ஈரக்கோடு. நேராக வரவில்லை. சுவரோரமாக அறையைச் சுற்றிப் போனது. அவள் முதுகுக்குப் பின்னாலும் போனது. இரண்டாவது சுற்று கொஞ்சம் சின்னது. மூன்றாவது இன்னும் சின்னது.

அவசரமே இல்லை அதற்கு.

நாலாவது சுற்று அவள் செருப்பு நுனியை நனைத்துக்கொண்டு போனது.