சிவப்பு எரிந்த காலை

காலையில் ஐந்து நிமிடம் எங்கள் வீட்டில் எனக்கு ராஜமரியாதை. கணவர் செழியன் காபி கலந்து நீட்டுவார். மாமியார் வாயே திறக்கமாட்டார். மகள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். ஏன் என்கிறீர்களா? வாசற்கதவில் பதித்திருக்கும் மனமானியில் நான் கை வைக்க வேண்டும். பச்சை எரிந்ததும் கணவர் மொட்டைமாடியில் நிற்கும் வான்டாக்சிக்கு ஓடுவார், மகள் பள்ளிக்கு. தரை துடைக்க இயந்திரம் உண்டு. யாருக்கு எப்போது என்ன வேண்டும் என்று நினைவு வைத்திருக்கும் இயந்திரம் நான்தான்.

அரசாங்கம் நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான் இது. உள்ளங்கையைப் படித்து, இல்லத்தரசியின் மனம் சோர்ந்திருந்தால் கருவி சிவப்பு காட்டும். அவள் தேறும்வரை வீட்டுப் பொறுப்பு முழுக்க மற்றவர்கள் தலையில். ஆனால் கோவையில் சிவப்பு எரிந்த வீடென்றால் அசிங்கம். வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வும் கிடையாது. அதனால் எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் ஆளுக்கொரு 'பச்சை நினைவு' வைத்திருந்தோம். கை வைக்கும்போது அதை நினைத்தால் கருவி ஏமாந்துவிடும். என்னுடையது, கல்லூரி கோ-கோ அணிக்காகக் கோப்பை வாங்கிய நாள். தினமும் எடுத்து எடுத்து, துவைத்த துணி மாதிரி அதுவும் வெளுத்துப்போனது.

அன்று செழியனின் பதவி உயர்வு முடிவாகும் நாள். கை வைத்தேன். பச்சைக்குப் பதில் மஞ்சள் மினுங்கியது. அடுத்தது சிவப்புதான்.

"நல்லதா எதையாச்சும் நெனை கண்ணு!" என்று செழியன் பதறினார்.

"நெனைக்க எதுவும் மிச்சமில்லீங்க."

"இன்னிக்கு ஒரு நாள் சமாளிச்சிரு. நாளைக்குப் பேசிக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் தூங்கி எத்தனை மாசமாச்சு தெரியுமா? குளிக்கறப்ப அழுதுட்டு வர்றனே, அது தெரியுமா? நான் நல்லா இல்லீங்க!"

கையை எடுக்கவில்லை. சிவப்பு பளிச்சென்று எரிந்தது. அப்பாடா! நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"மானம் போச்சு," என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு நிரஞ்சனாக்கா எட்டிப் பார்த்தார். "அடியே மாதங்கி, எரிய விட்டுட்டியா!" என்றவர், விறுவிறுவென்று தன் கதவுக்குப் போய் மறுபடி கை வைத்தார். இந்த முறை எதையும் நினைக்கவில்லை போலிருக்கிறது. அங்கேயும் சிவப்பு.

கொஞ்ச நேரத்தில் எங்கள் தளம் முழுக்கச் சிவப்பு. மதியத்துக்குள் கிட்டத்தட்ட ஊரே சிவப்பு. செழியனின் மேலதிகாரி வீட்டிலும் சிவப்பாம்! பச்சை வீட்டுக்காரருக்குத்தான் பதவி உயர்வு என்றால் கொடுக்க ஆளே இல்லை. கம்பெனியில் அந்த விதியையே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு மாலையில்தான் தெரியும். பட்டப்பகலில் அப்படி அடித்துப்போட்டாற்போல் தூங்கியிருக்கிறேன். கண் விழித்தபோது செழியன் அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"என்ன பண்ணுது உனக்கு? சொல்லு."

இத்தனை வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டதே இல்லை. சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் குக்கர் விசிலடித்தது. பழக்கதோஷம், நான் எழுந்துவிட்டேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டுப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"ம்... மேல சொல்லு," என்றார்.