சிவப்புக் குறி விழுந்த கடை

அந்த மலையடிவாரத்தில் மழை பெய்வதே அபூர்வம். பெய்த அன்று, சொட்டச் சொட்ட நனைந்தபடி கடைக்குள் ஓடி வந்தான் அவன்.

கல்லாவில் இருந்த ஃபஸ்னா நிமிர்ந்தாள். தூக்கம் தொலைத்த கண்கள்... ஆனாலும் என்ன கண்கள்!

"ஒரு டீ கிடைக்குமா?"

"முதல்ல தலையத் துடைங்க. கடையே வெள்ளமாயிடும் போல..."

சிரித்தான். பேர் ரிபாய், ஊர் அதிராம்பட்டினம் என்றான். அவளுக்குக் கீழக்கரை.

மழை விட்டது. வெளியே போனவன், கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெரிதாகக் குறி போட்டான். இடிக்கப்போகிற கட்டடம்!

"டீ குடிச்ச கடைக்கே குறி போடுறீங்களா?" ஓடி வந்து கேட்டாள்.

"நான் சர்வேயருங்க... இந்தப் பக்கம் பூரா எடுக்கச் சொல்லிட்டாங்க."

அவளுக்குக் கோபத்தைவிட அலுப்புதான் வந்தது. வாப்பா மீராசா பிழைப்புத் தேடி வளைகுடாவின் இந்த ராஸ் அல் கைமாவுக்கு வந்தபோது இங்கே கல்குவாரி. லாரி டிரைவர்களுக்குப் பரோட்டா போட்டார். குவாரி மூடியது. மலைமேல் ரோடு ஏறியது. சுற்றுலாக் குடும்பங்கள் வந்தன. கடையை இங்கே ரோட்டோரமாக நகர்த்திப் போட்டார். இப்போது கேபிள் கார் நிலையமாம், செயற்கைப் பனியில் சறுக்கி விளையாட ஒரு கூடமாம். வாப்பாவின் முழங்காலும் போய்விட்டது. இனி எங்கே நகர்த்துவது?

ரிபாய் தினமும் வந்தான். அவள் முகம் பார்க்காமலே டீயை வைத்தாள். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"புதுக் கட்டடத்துல ஒரு சின்னக் கடை... மேனேஜர்கிட்ட பேசியிருக்கேன்."

"உங்க இரக்கம் ஒண்ணும் எங்களுக்கு வேணாம்."

அதன்பிறகு அவன் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்த தன்மேலேயே அவளுக்கு எரிச்சல்...

கடையைக் காலி செய்யும் நாள். தூரத்து நகரத்தில், அல் கூஸில் இருக்கும் மாமாவின் கேன்டீனுக்குப் போவதாக ஏற்பாடு. வாப்பா பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அடுப்பைத் தூக்க முடியாமல் அவள் திணற, மறுபக்கத்தை ஒரு கை பிடித்தது.

"எங்க போனீங்க இத்தன நாளா?" கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க வேணாம்னீங்களே... பக்கத்து நாட்டுல, சலாலா சைட்டுக்கு மாத்திட்டாங்க. நாளைக்குக் கிளம்பணும்." அடுப்பை ஏற்றிவிட்டு மூச்சு வாங்கினான். "சலிச்சுப்போச்சு ஃபஸ்னா. எங்க போனாலும் யாரையாவது காலி பண்ண வைக்கிற வேல. உங்க மேல எனக்கு இரக்கமில்ல... உங்களப் பிடிச்சிருக்கு. அதச் சொல்லத் தெரியாமத்தான் கடையப் பத்திப் பேசினேன்."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"நானும் அலுத்துட்டேன்... கோபமா இருக்குற மாதிரி நடிச்சு நடிச்சு."

"அப்போ...?"

"வாப்பா காது கேக்காத மாதிரி உக்காந்திருக்காங்க. அவங்ககிட்டயும் போய்க் கேளுங்க..." முந்தானையால் முகத்தை மறைத்தபடி சொன்னாள். "ஃபஸ்னாவுக்கும் சம்மதம்னு சேத்துச் சொல்லுங்க."